நிறைவை யார் யாருக்குச் சொல்வது?

சென்ற மாதம் கல்லூரி ஆசிரியர்களுக்கான ஒரு பயிலரங்கில் நாள் முழுக்க அமர்ந்திருக்க நேர்ந்தது. மன அழுத்தத்தைக் கையாள்வது எப்படி என்பது பொருள். மதிய உணவுக்குப் பின் பேச வந்தவர் திரையில் நான்கு சீன எழுத்துகளைக் காட்டி, 'சுயி யூ அர் ஆன்' என்று வாசித்தார். எந்தச் சூழலில் வைக்கப்பட்டாலும் அங்கேயே நிறைவு காண்பது என்று பொருள் சொன்னார். ஐயாயிரம் ஆண்டுச் சீன ஞானத்தின் சாரம் இது என்றார். எல்லோரும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டோம்.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு கௌரவ விரிவுரையாளர் எழுந்தார். முப்பது வயதிருக்கலாம், முனைவர் பட்டம் பெற்றவர். "நாலு மாசமா எங்களுக்குச் சம்பளம் வரலைங்க சார். இதுல எப்படி நிறைவா இருக்கிறது?" என்று கேட்டார். குரலில் கோபமில்லை. உண்மையிலேயே வழி கேட்பவரின் குரல் அது. பேச்சாளர் புன்னகைத்தார். திரையில் மறையாமலிருந்த அந்த நான்கு எழுத்துகளைக் கையால் சுட்டிக்காட்டினார், வேறொன்றும் சொல்லவில்லை. அரங்கம் கைதட்டியது. அந்தப் பெண் அமர்ந்துவிட்டார். கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெற்றுக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

சீனச் செவ்வியல் நூல்களை ஆங்கில மொழிபெயர்ப்புகளின் வழியே பல ஆண்டுகளாக வாசித்து வருபவன் நான். அந்த வாசிப்பின் பலத்தில் ஒன்றைத் துணிந்து சொல்வேன். அந்தத் தொடர் அன்று அரங்கில் பயன்பட்ட விதம், அது பிறந்த மரபுக்கே நேர் எதிரானது. நிறைவு என்பது ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ளத் தக்க சொல். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்து அதைச் சொல்லும்போது அது ஞானமாக இருப்பதில்லை. கேள்வி கேட்டவரை உட்கார வைக்கும் உபாயமாகிவிடுகிறது.

*

முதலில் சொற்களைப் பார்ப்போம். 'சுயி' என்றால் பின்தொடர்தல், இசைந்து செல்லுதல். 'யூ' என்றால் எதிர்ப்படுவது, நேர்வது. 'அர்' ஓர் இணைப்பிடைச்சொல். தொடரின் உயிர் கடைசிச் சொல்லான 'ஆன்' என்பதில் இருக்கிறது. அந்த எழுத்தின் மேற்பகுதி கூரையைக் குறிப்பது. கீழ்ப்பகுதி பெண்ணைக் குறிப்பது. அமைதி, பாதுகாப்பு, நிலைபேறு என்பன அதன் பொருள்கள். இன்றைய சீனத்தில் காவல்துறையைச் சுட்டும் 'கோங் ஆன்' என்ற சொல்லிலும் இந்த ஆன் உண்டு. ஆகவே இதை 'மகிழ்ச்சி' என்று பெயர்ப்பது மிகை. நேர்ந்ததற்கு இசைந்து அங்கே நிலைகொள்ளுதல் என்பதே மூலத்துக்கு நெருக்கமானது. கூரை அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இத்தொடரின் வேரைத் தேடிப் போனால் மென்சியஸ் நூலின் இறுதி இயலில் வரும் ஒரு சிறு பத்தியைச் சென்றடைவோம். மென்சியஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். அவர் அங்கே பேசுவது ஷுன் என்னும் தொன்ம அரசரைப் பற்றி. ஷுன் எளிய குடியில் பிறந்து உழுது வாழ்ந்தவர். உலர்ந்த தானியத்தையும் காட்டுக் கீரையையும் தின்று வாழ்ந்த நாட்களில், ஆயுள் முழுவதும் அப்படியே கழியப்போகிறது என்பதுபோல இயல்பாக இருந்தார். பின்னர் பேரரசராகி, சித்திர ஆடை உடுத்தி, யாழ் மீட்டி, யாவ் மன்னரின் இரு புதல்விகளை மனைவியராக அடைந்தபோதும், அதெல்லாம் முன்பே தம்மிடம் இருந்தது என்பதுபோல இயல்பாகவே இருந்தார். பத்தி அவ்வளவுதான். இதற்கு ஜு சி (1130–1200) எழுதிய உரையில் நம் நான்கு எழுத்துகளும் சேர்ந்து நிற்கின்றன. வறுமையால் ஞானியின் மனம் வெளியே எதையும் நோக்கி ஏங்குவதில்லை. செல்வத்தால் அது உள்ளே அசைவதுமில்லை என்பது அவ்வுரையின் கருத்து.

1313இல் யுவான் வம்சத்து அரசாணை ஒன்று ஜு சியின் உரையோடு கூடிய நான்கு நூல்களை அரசுத் தேர்வுகளுக்கு அடிப்படையாக்கியது. 1905இல் அத்தேர்வு முறை ஒழிக்கப்படும் வரை, ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகள், பதவி நாடிய சீன இளைஞர்கள் தலைமுறை தலைமுறையாக அவ்வுரையை நெட்டுருப் போட்டார்கள். ஒரு தொன்ம அரசரின் மனத்தைப் பற்றிய வருணனை எல்லார் வாயிலும் புழங்கும் தொடராக மாறியதில் வியப்பில்லை.

இனி அப்பத்தியைத் துலாக்கோலில் வைத்துப் பாருங்கள். இரு தட்டுகளும் சமமாக இருக்கின்றன. ஒரு தட்டில் வறுமை, மறு தட்டில் செல்வம். வறியவன் ஏங்காதிருப்பது எவ்வளவு பெரிய காரியமோ, செல்வன் தன் செல்வத்தால் மாறாதிருப்பதும் அவ்வளவே பெரிய காரியம் என்று உரை சொல்கிறது. நம் பேச்சாளர்களின் கையில் இரண்டாம் தட்டு எங்கே போயிற்று? உயர்ந்த இருக்கையும் தனி வாகனமும் கிடைத்த பிறகு மாறிவிடாதே என்று எந்த அரங்கிலாவது யாராவது இத்தொடரை எடுத்துச் சொல்லிக் கேட்டிருக்கிறோமா? பாதி வாக்கியத்தை அறுத்தெடுத்து, அதையும் வறியவர் பக்கமே நீட்டுகிறார்கள்.

*

ஷுன் எல்லாவற்றோடும் நிறைவாக இருந்தவர்தானா என்றும் கேட்க வேண்டும். அதே மென்சியஸ் நூலின் ஐந்தாம் இயல், ஷுன் வயலுக்குச் சென்று வானத்தைப் பார்த்து அழுததேன் என்ற மாணவரின் கேள்வியோடு தொடங்குகிறது. தந்தையும் தாயும் அவரை வெறுத்தார்கள். அந்த வெறுப்போடு அவரால் நிலைகொள்ள முடியவில்லை. அரசரின் புதல்வியரும் நாடும் செல்வமும் கிடைத்த பிறகும் அந்தத் துயரம் ஆறவில்லை என்கிறார் மென்சியஸ். இதைக் குறையாகவும் அவர் சொல்லவில்லை; ஷுன்னின் பெருமையாகவே சொல்கிறார். உலர்ந்த தானியத்துக்கு இசைந்தவர் உடைந்த உறவுக்கு இசையவில்லை. உணவும் பதவியும் ஒரு வகை. மனிதர் மனிதருக்குச் செய்ய வேண்டியது செய்யப்படாமற்போவது வேறு வகை. முன்னதற்கு இசைவு அழகு. பின்னதற்கு அழுகைதான் அழகு.

பெருவெள்ளத்தின் கதையும் உண்டு. யாவின் காலத்தில் நாடெங்கும் நீர் சூழ்ந்து, மக்கள் தங்க இடமின்றித் தவித்தார்கள். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஷுன் அவர்களைப் பார்த்து நேர்ந்ததற்கு இசைந்து வாழுங்கள் என்று சொல்லவில்லை. யூ என்பவரை அனுப்பி ஆறுகளைத் திறந்துவிடச் செய்தார். யூ எட்டாண்டுகள் வெளியே அலைந்து, மும்முறை தம் வீட்டு வாசலைக் கடந்தும் உள்ளே நுழையாமல் உழைத்தார் என்கிறது நூல். தம் கீரைக்கு இசைந்தவர் பிறர் வெள்ளத்துக்கு இசையவில்லை. இத்தொடரின் மூல நாயகனே நமக்குக் காட்டும் வேறுபாடு இது.

இதையும் மிஞ்சிய சான்று ஒன்றிருக்கிறது. மென்சியஸ் இரண்டு இடங்களில் ஏறக்குறைய ஒரே வாதத்தை முன்வைக்கிறார். நிலையான பிழைப்பு இல்லாதபோதும் நிலையான மனத்தோடு இருக்க, பயிற்சி பெற்ற அறிஞர்களால் மட்டுமே முடியும். சாதாரண மக்களுக்கு நிலையான பிழைப்பு இல்லையென்றால் நிலையான மனமும் இராது. அந்நிலைக்கு அவர்களைத் தள்ளிவிட்டு, அவர்கள் தவறு செய்த பிறகு தண்டிப்பது மக்களை வலைவைத்துப் பிடிப்பதாகும் என்று மன்னரின் முகத்துக்கு நேரே சொல்கிறார். பின்பு மன்னர் செய்ய வேண்டியதைக் கணக்கோடு எடுத்துரைக்கிறார். வீட்டுக்கு ஐந்து மூ நிலம், அதில் முசுக்கட்டை மரங்கள். அப்போதுதான் ஐம்பது வயதைக் கடந்தவர் பட்டு உடுத்த முடியும். கோழியும் பன்றியும் உரிய காலத்தில் வளர வேண்டும். அப்போதுதான் எழுபது வயதானவர் இறைச்சி உண்ண முடியும்.

நிறைவைப் பற்றிய தொடருக்கு வேரான பத்தியை எழுதிய அதே கை, முசுக்கட்டை மரத்தையும் கோழியையும் எண்ணிக் கணக்கிடுகிறது. முதலில் சோறு, பிறகு மனம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் மனத்தைச் சரிசெய்துகொள், சோறு வரும்போது வரட்டும் என்று சொல்பவர் மென்சியஸைத் தம் பக்கம் அழைக்க முடியாது.

*

இப்போது 'ஆன்' என்ற சொல்லுக்குத் திரும்புவோம். அதைக் கொண்ட வேறொரு சீனத் தொடர் இருக்கிறது. 'ஜி லாய் ஜி, சே ஆன் ஜி' என்பது அது. வந்தது வந்தாயிற்று, இனி இங்கேயே அமைதி கொள் என்பது இன்றைய பொருள். மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிக்கும், விரும்பாத ஊருக்கு மாற்றலாகிப் போனவருக்கும் ஆறுதலாகச் சொல்வார்கள். நம் தொடருக்கு உடன்பிறந்தது போல இருக்கிறது அல்லவா? அதன் மூலம் கன்பூசியஸின் உரையாடல் நூலின் பதினாறாம் இயலில் இருக்கிறது. அங்கே அது சொல்வது முற்றிலும் வேறு.

லூ நாட்டில் அதிகாரம் செலுத்திய ஜி குடும்பம் சுவான்யூ என்ற சிறு நிலப்பகுதியின்மீது படையெடுக்க எண்ணியது. அக்குடும்பத்தில் பணிபுரிந்த சன் யூ, சிலூ என்ற இரு மாணவர்களும் ஆசிரியரிடம் செய்தியைச் சொல்ல வந்தார்கள். எங்களுக்கும் இதில் விருப்பமில்லை, தலைவர்தான் விரும்புகிறார் என்றார் சன் யூ. கூண்டிலிருந்து புலி தப்பினால், பெட்டிக்குள் மணிக்கல் உடைந்தால் அது யார் குற்றம் என்று கேட்டார் கன்பூசியஸ். காவலுக்கு இருந்தவன் குற்றம்தானே என்பது குறிப்பு. பிறகு ஆட்சியின் இலக்கணத்தை விளக்கினார். பொருள் குறைவு என்பதைவிடப் பங்கீட்டில் சமமின்மையே ஆள்பவர் அஞ்ச வேண்டியது. தொலைவிலுள்ள மக்கள் இணங்கி வரவில்லையென்றால் படையை அனுப்பக்கூடாது. தம் பண்பை வளர்த்து அவர்களை ஈர்க்க வேண்டும். அவர்கள் வந்த பிறகு அவர்களுக்கு அமைதியான வாழ்வை அளிக்க வேண்டும்.

இந்தக் கடைசிக் கூற்றுதான் பின்னாளில் அந்தத் தொடராயிற்று. இலக்கணம் கற்பிப்பவன் என்பதால் இதில் ஒன்றைச் சுட்டாமல் இருக்க இயலவில்லை. நம் மொழியில் தன்வினை, பிறவினை என்கிறோமே, அந்த வேறுபாடே இங்கு நேர்ந்திருக்கிறது. கன்பூசியஸின் வாயில் 'ஆன்' பிறவினைப் பொருளில் நின்றது: அமைதிப்படுத்து, வாழவை. அதன் எழுவாய் ஆள்பவர். செயப்படுபொருள் வந்த மக்கள். காலப்போக்கில் எழுவாய் மறைந்தது. பிறவினை தன்வினையாயிற்று. ஆள்பவரின் கடமையைச் சொன்ன வாக்கியம் வந்துசேர்ந்தவரின் பொறுமையைச் சொல்லும் வாக்கியமாகிவிட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்ததென்று சொல்ல மாட்டேன். மொழியில் இப்படி நிகழும். ஆனால் அது எந்தத் திசையில் சரிந்திருக்கிறது என்று பாருங்கள். மேட்டிலிருந்த சுமை பள்ளத்தில் இருப்பவர் தலைக்கு இறங்கியிருக்கிறது. பயிலரங்கில் அன்று நிகழ்ந்ததும் இதே வினைமாற்றம்தான். ஊதியம் தர வேண்டியவர் யார் என்ற எழுவாய் காணாமற்போய், பொறுத்துக்கொள்ள வேண்டியவர் மட்டுமே வாக்கியத்தில் எஞ்சினார்.

*

இங்கே ஒரு மறுப்பு எழும். நாடு கடத்தப்பட்டும் மலர்ந்த முகத்தோடு வாழ்ந்த மனிதர்கள் சீன மரபில் இல்லையா? சூ ஷி இல்லையா? இருக்கிறார். சூ தோங்போ என்று உலகமறிந்த அவரைத்தான் (1037–1101) சீனர்களும் இத்தொடருக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். அவர் வாழ்க்கையைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

வாங் அன்ஷியின் சீர்திருத்தங்கள் சிற்றூர் மக்களை எப்படி வாட்டின என்பதைக் கவிதைகளில் எழுதியதற்காக 1079இல் அவர் கைது செய்யப்பட்டார். நான்கு மாதங்களுக்கு மேல் நீண்ட விசாரணையும் சிறையும் முடிந்து, 1080இல் யாங்சி ஆற்றங்கரையிலுள்ள ஹுவாங்சோவுக்கு அனுப்பப்பட்டார். பெயருக்கு ஒரு பதவி. கோப்பில் கையெழுத்திடும் உரிமை கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் 4500 செப்புக்காசுகளை எடுத்து முப்பது கொத்துகளாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுவார். தினமும் காலையில், ஓவியங்களை மாட்டும் கவைக்கோலால் ஒரு கொத்தை இறக்கிக்கொள்வார். ஒரு நாள் செலவு 150 காசைத் தாண்டக்கூடாது. இதை நண்பர் சின் குவானுக்கு அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். மறு ஆண்டு, நண்பரொருவர் முயன்று பெற்றுத்தந்த ஒரு தரிசு நிலத்தில் உழவு செய்தார். ஊருக்குக் கிழக்கே இருந்த சரிவு அது. கிழக்குச் சரிவு என்று பொருள்படும் 'தோங்போ' என்ற பெயர் அங்கே கிடைத்தது. செம்பாறை பற்றிய இரு புகழ்பெற்ற ஆக்கங்களும் 1082இல் அங்கேதான் பிறந்தன.

உண்மையான இசைவு இது. நான் தலைவணங்குகிறேன். ஆனால் அதே ஹுவாங்சோவில் அவர் செய்த இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பகுதியின் வறிய குடும்பங்களில், பிறந்த குழந்தைகளை, குறிப்பாகப் பெண் குழந்தைகளை, நீரில் அமிழ்த்திக் கொல்லும் வழக்கம் இருப்பதை அறிந்தார். உணவு இறங்கவில்லை. எதிர்க்கரையிலிருந்த ஏசோவின் ஆட்சியாளர் ஜு ஷோசாங்குக்கு, சட்டத்தின் துணைகொண்டு இதைத் தடுக்கும்படி வற்புறுத்திக் கடிதம் எழுதினார். ஊரில் வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டிக் குழந்தைகளைக் காக்க ஓர் அமைப்பையும் தொடங்கச் செய்தார். தாமே தண்டனையில் இருப்பவர், 150 காசில் நாளைக் கடத்துபவர். தம் உத்தரத்தில் தொங்கிய காசுக்கு இசைந்தவர் பிறர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு இசையவில்லை.

1094இல் மீண்டும் நாடுகடத்தல், இம்முறை தெற்கே ஹுய்சோவுக்கு. அங்கே விளையும் லிச்சிப் பழத்தை அவர் எவ்வளவு கொண்டாடினார் என்பது சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 1095இல் அதே லிச்சியைப் பற்றி வேறொரு கவிதையும் எழுதினார். பழம் வாடாமல் அரண்மனையை அடைய வேண்டுமென்று அஞ்சல் குதிரைகளும் மனிதர்களும் மடிந்த பழங்கதையைச் சொல்லி, அதே பாணியில் தம் காலத்துப் பேரதிகாரிகளும் தேயிலையையும் மலர்களையும் காணிக்கையாக்கி அரசரின் தயவைத் தேடுவதைப் பெயர் சொல்லிச் சாடினார். கவிதை எழுதியதற்காகச் சிறை கண்டவர், தண்டனையின் நடுவே மறுபடியும் கவிதையால் சாடுகிறார். நாவில் பழத்தின் இனிப்பும் பேனாவில் அதன் விலையும் ஒன்றாக இருந்தன. இதன் பெயர் பணிவு அன்று.

அவருடைய மலர்ந்த முகத்தை ஆட்சியாளர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஒரு கதை வழங்குகிறது. ஹுய்சோவில் இளவேனிற் காலத்தில் நிம்மதியாகத் தூங்குவதாக அவர் எழுதிய கவிதை தலைநகரை எட்டியதாம். சூ ஷி இவ்வளவு சுகமாகவா இருக்கிறார் என்று அமைச்சர் ஜாங் துன் எரிச்சலடைந்து, மேலும் தொலைவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாராம். கதை எப்படியாயினும், 1097இல் அறுபது வயதில் கடல் கடந்து ஹைனான் தீவின் தான்சோவுக்கு அவர் அனுப்பப்பட்டது வரலாறு. அங்கே அரசு விடுதியிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். உள்ளூர் மக்கள் உதவ, ஒரு குடிசை கட்டிக்கொண்டார். 1100இல் மன்னிப்புக் கிடைத்து, வடக்கே திரும்பும் வழியில் மறு ஆண்டு இறந்தார்.

இக்கதையில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்றுதான். சூ ஷியை ஹுவாங்சோவுக்கோ ஹுய்சோவுக்கோ அனுப்பியவர்கள் அவரிடம் 'நிறைவாக இரு' என்று சொல்லவில்லை. அவருடைய நிறைவை அவரே தேடிக்கொண்டார். அது அவர்களுக்கு உவப்பாகவும் இல்லை. தண்டிக்கப்பட்டவன் தண்டனையைப் பொருட்படுத்தாமல் இருப்பது தண்டித்தவனுக்குத் தோல்வி. சூ ஷியின் நிறைவு ஒரு வகை எதிர்ப்பு. பயிலரங்குகளில் விநியோகிக்கப்படும் நிறைவு அடக்கம். இரண்டுக்கும் ஒரே நான்கு எழுத்துகளைப் பயன்படுத்துவது மொழிக்குச் செய்யும் அநீதி.

*

இன்னொரு மறுப்பு ஜுவாங்சியின் பக்கமிருந்து வரலாம். தவிர்க்க முடியாததை விதியாக ஏற்று அமைதி கொள்வதே உயர்ந்த பண்பு என்பது அந்நூலின் நான்காம் இயலில் வரும் கருத்து. உண்மை. ஆனால் அதிலுள்ள நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். தவிர்க்க முடியாதது என்று தெரிந்த பிறகு என்பதே அங்கே சொல்லப்படுவது. மரணம் தவிர்க்க முடியாதது. முதுமை தவிர்க்க முடியாதது. நான்கு மாதமாக வராத சம்பளம் விதியா? யாரோ ஒருவரின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடக்கும் கோப்பு அது. மனிதர் கட்டிய முடிச்சை வானம் கட்டியதாகக் காட்டுவதற்கு ஜுவாங்சியைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

தவிர்க்கக் கூடியதையும் தவிர்க்க முடியாததென நம்பிக்கொள்ளும் மனத்தின் நோயை லூ சுன் ஒருமுறை முழுமையாக எழுதிக்காட்டிவிட்டார். 1921 டிசம்பர் முதல் 1922 பிப்ரவரி வரை பெய்ஜிங்கின் நாளிதழ் இணைப்பொன்றில் தொடராக வந்த 'ஆ க்யூவின் உண்மைக் கதை'யில் நாயகன் அடிபடும்போதெல்லாம் மனத்துக்குள் வென்றுவிடுகிறான். தன்னை அடித்தவனைத் தன் மகனாகக் கற்பனை செய்துகொண்டு தேறிவிடுகிறான். இறுதியில், தான் செய்யாத குற்றத்துக்காகச் சுடப்பட்டுச் சாகிறான். அவன் போகும் பாதையில் எந்த அடியும் எதையும் கற்பிப்பதில்லை. எல்லா அடியும் உள்ளே போனதும் வெற்றியாகிவிடுகிறதே! சூ ஷிக்கு அடி அடியாகவே வலித்தது. அதனால்தான் பிறர் வாங்கிய அடியும் அவருக்குத் தெரிந்தது. ஆ க்யூவின் பாடத்தைச் சூ ஷியின் பெயரால் நடத்துவது நம் காலத்து வழக்கம்.

*

இது பழைய சீனத்தின் விவகாரம் மட்டுமன்று. 2019 ஏப்ரலில் அலிபாபாவின் நிறுவனர் ஜாக் மா, காலை 9 முதல் இரவு 9 வரை, வாரத்தில் 6 நாள் உழைக்க வாய்ப்பதை ஒரு பெரும் பேறு என்று பேசினார். கிடைத்ததை வரமாக ஏற்றுக்கொள் என்பதே அதன் சாரம். இரண்டு ஆண்டு கழித்து, 2021 ஏப்ரலில், ஆலை வேலையை விட்டிருந்த ஓர் இளைஞர் இணையத்தில் ஒரு சிறு பதிவு எழுதினார். மாதம் 200 யுவான், நாளொன்றுக்கு இரண்டு வேளை உணவு. இது எனக்குப் போதும், மல்லாந்து படுத்திருப்பதே என் நீதி என்றார். பீப்பாய்க்குள் வாழ்ந்த கிரேக்கர் டயோஜெனிஸையும் துணைக்கு அழைத்திருந்தார். 'தாங் பிங்' என்ற அச்சொல் நாடெங்கும் பரவியது.

இவரைவிட உண்மையாக 'சுயி யூ அர் ஆன்' என்ற தொடரைக் கடைப்பிடித்தவர் யார்? உலர்ந்த தானியம், காட்டுக் கீரை, ஏக்கமில்லாத மனம். பாராட்டியிருக்க வேண்டுமே! அடுத்த மாதமே 'நான்ஃபாங் நாளிதழ்' மல்லாந்து படுப்பது வெட்கக்கேடு என்று எழுதியது. அவ்வாண்டு அக்டோபரில் கட்சியின் 'சியூஷி' இதழில் வெளிவந்த ஷி ஜின்பிங்கின் கட்டுரை, இந்தப் போக்கைத் தவிர்க்க வேண்டும் என்றது. 2023 ஜூனில் 16 முதல் 24 வயதுக்குட்பட்டோரின் வேலையின்மை 21.3 சதவீதத்தைத் தொட்டது. அதன்பின் அப்புள்ளிவிவரத்தை வெளியிடுவதே சில மாதங்களுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. மாணவர்களை விலக்கிய புதிய கணக்கீட்டோடு 2024 ஜனவரியில்தான் மீண்டும் வந்தது.

சாயம் வெளுக்கும் இடம் இதுதான். குறைந்த கூலிக்கு அதிகம் உழைத்துக்கொண்டே நிறைவாக இருந்தால் அது ஞானம். குறைந்த தேவையோடு குறைவாக உழைத்து நிறைவாக இருந்தால் அது வெட்கக்கேடு. கேட்கப்பட்டது நிறைவே இல்லை, முணுமுணுக்காத உழைப்பு. மேலிருந்து நிறைவைப் போதிக்கும் எவரையும் சோதிக்க இந்த ஓர் உரைகல் போதும். அவர் சொன்னபடியே நாம் நிறைவாகிவிட்டால் அவர் மகிழ்வாரா?

*

இவ்வளவு எழுதிய பிறகு என் கணக்கையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இளங்கலை படித்த மாணவி ஒருத்தி படிப்பை முடித்ததும் பக்கத்து நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். முதுகலை படிக்க ஆசைப்பட்டவள். வீட்டு நிலை இடம் தரவில்லை. ஒருநாள் சான்றிதழ் வாங்க வந்தபோது, "நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கணும் ஐயா. ஆள் இல்லாத நேரத்துலயும் உட்காரக் கூடாது. கால் வீங்கிருது" என்றாள். நான் அவளுக்கு இதே ஷுன் கதையைச் சொன்னேன். எங்கிருந்தாலும் மனத்தை நிறைவாக வைத்துக்கொள் அம்மா என்றேன். நல்ல ஆசிரியனாக நடந்துகொண்டோம் என்று பெருமையும் பட்டேன். அவள் "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

2021இல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியது. பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்பது அத்திருத்தம். கேரளம் அதற்கு முன்பே, 2018இல், அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்திருந்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது அந்தப் பெண்ணின் வீங்கிய கால்கள் என் முன் வந்து நின்றன. அவளுக்கு நேர்ந்தது 'யூ' என்று நான் எண்ணினேன். வானம் தந்த சூழல், ஞானியர் இசைந்து போக வேண்டிய சூழல் என்று எண்ணினேன். அது ஒரு நாற்காலியின் இன்மை. கால் வலித்தவர்கள் வலிக்கிறது என்று உரக்கச் சொன்னதால், சட்டத்தில் சில வரிகள் சேர்ந்து, மாறக்கூடியதாக இருந்தது. நான் அவளுக்குச் சொன்ன ஷுன் கதை அந்த நாற்காலியை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. எல்லோரும் என் பேச்சைக் கேட்டு நிறைவாக இருந்திருந்தால் அத்திருத்தம் வந்திருக்கவே வந்திராது.

நாட்டில் நெறி நிலவும்போது வறியவராயிருப்பது வெட்கம், நெறி இல்லாதபோது செல்வராயிருப்பது வெட்கம் என்ற கருத்து கன்பூசியஸுக்கு உண்டு. வறுமையில் மனக்கசப்பின்றி இருப்பது கடினம் என்றும், செல்வத்தில் செருக்கின்றி இருப்பது எளிது என்றும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கடினமானதை வறியவரிடம் கட்டாயப்படுத்தி, எளிதானதைச் செல்வரிடம் கேட்கக்கூட மறந்துவிடும் நம்மைப் பார்த்தால் அவர் என்ன சொல்வாரோ?

ஷுன்னின் பத்தியை இனியும் வகுப்பில் சொல்வேன். இரண்டு தட்டையும் சேர்த்துச் சொல்வேன். வயலில் அழுததையும், வெள்ளத்துக்கு யூவை அனுப்பியதையும் விடமாட்டேன். அந்தக் கௌரவ விரிவுரையாளரைச் சென்ற வாரம் தேடிச் சென்று பார்த்தேன். ஊதியம் கோரி அவர்கள் எழுதியிருந்த விண்ணப்பத்தில் நிரந்தர ஆசிரியர் கையெழுத்து ஒன்றுகூட இல்லை. என் கையெழுத்தைப் போட்டேன். "நீங்க அன்னைக்குக் கைதட்டினீங்களே சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.